எனக்கு நேரில் தெரிந்தவர்

காலை எட்டு மணி பத்து நிமிடம்.

வக்கீல் விஸ்வநாத்தின் மேஜை மேலிருந்த டெலிபோன் அலறியது.

செல்போன் இல்லை. பழைய கறுப்பு லேண்ட்லைன். அந்த நம்பர் கோர்ட்டுக்கும் சில பழைய கட்சிக்காரர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

கேரளத்தின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகு மண்டி ஒன்றின் மாடியில் அவருடைய ஆபீஸ். ஜன்னலுக்கு வெளியே ஜூன் மழை. டிரைவர் பெட்ரோல் போடப் போயிருந்தான். குமாஸ்தா ரமேஷ்பாபு பக்கத்து அறையில் அன்றைய கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

விஸ்வநாத் ரிசீவரை எடுத்தார்.

"யாராக்கும்?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் வெறும் மூச்சு... அப்புறம் துணிக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"சார்... நான் செல்லப்பா பேசுதேன்."

"எந்தச் செல்லப்பா?"

"உங்களுக்கு நேர்ல தெரிஞ்ச செல்லப்பா."

விஸ்வநாத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு கவர்ன்மென்டுக்குப் பெரிய வக்கீலா ஆகப்போறியளாம், பேப்பர்ல பாத்தேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி சார். நான் எப்படி இருப்பேன்?"

"என்ன?"

"கறுப்பா, செவப்பா? நெட்டையா, குட்டையா? மீசை உண்டா, கெடையாதா? என்னைய நேர்ல தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கியள்லா... சொல்லுங்க."

விஸ்வநாத் கண்ணை மூடி ஒரு முகத்தைத் தேடினார். அகப்படவில்லை.

லைன் கட்டாகிவிட்டது.

பக்கத்திலிருந்த காலர் ஐ.டி. பெட்டியில் விழுந்த நம்பருக்குத் திருப்பி அடித்தார். சுவிட்ச் ஆஃப்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா?

செல்லப்பா செத்து ஒன்பது வருடம் ஆகிறது!

விஸ்வநாத் லேசுப்பட்ட ஆள் இல்லை. வயது ஐம்பத்தொன்பது. திருப்பூணித்துறையில் பிறந்து வளர்ந்த தமிழர். பதினோரு வருடம் அரசாங்க வக்கீல். ரோட்டுக்கு நிலம் எடுத்தால் அரசாங்கத்துக்காக நின்றார். பாலம் விரிசல் விட்டால் அதற்கும் அரசாங்கத்துக்காகவே நின்றார். பிறகு கம்பெனிகள் பக்கம் வந்தார். ஏற்றுமதிக்காரர்கள், ஹோட்டல்காரர்கள், கட்டடக்காரர்கள் எல்லோரும் அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். எதிர்த்தரப்பு சாட்சிக்கு வியர்க்க வைப்பதில் அவருக்கு இணை கிடையாது.

நாளைக் காலை மாநில அரசின் தலைமைச் சிறப்பு வக்கீலாகப் பதவி ஏற்கப்போகிறார். முப்பத்தைந்து வருட உழைப்பின் உச்சிப்படி அது.

அந்தப் படியில் இப்போது எவனோ எண்ணெய் ஊற்றுகிறான்.

நடந்தது இதுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஆகஸ்ட் பத்தாம் தேதி. இதே பஜார் ரோட்டில் ஆனந்தகுமார் என்கிற வியாபாரியின் சுக்கு கோடவுன் தீப்பிடித்தது. உள்ளே சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், அங்கம்மாளும் பாண்டிச்செல்வியும், வெளியே வர முடியாமல் செத்தார்கள். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

பூட்டியது யார்?

போலீஸ் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கோர்ட்டில் ஒரு அஃபிடவிட் வந்து விழுந்தது. கோடவுன் வாட்ச்மேன் செல்லப்பா எழுதிக்கொடுத்தது. 'நான்தான் கதவைப் பூட்டினேன். நான்தான் அடுப்பை அணைக்காமல் போனேன். முதலாளிக்கு எதுவும் தெரியாது.' தேதி ஆகஸ்ட் பதிமூன்று. அடியில் கையெழுத்து.

மறுநாள் மட்டாஞ்சேரி படகுத்துறையில் செல்லப்பாவின் நீல ரப்பர் செருப்பு கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை. மனசாட்சி உறுத்தி, துறையை ஒட்டிய காயல் தண்ணீரில் குதித்துவிட்டான் என்று ஊர் பேசியது. ஊர் பேசியதையே போலீஸும் எழுதிக்கொண்டது.

அஃபிடவிட் என்றால் எழுதிக்கொடுத்தவர் கையெழுத்து மட்டும் போதாது. அதன் கீழே ஒரு வக்கீல் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். 'மேற்படி நபர் எனக்கு நேரில் தெரிந்தவர்; என் முன்னிலையில் கையெழுத்திட்டார்.' சாதாரண ஒரு வரி. கேரளத்துக் கோர்ட்டுகளில் தினமும் ஆயிரம் பேப்பரில் அந்த வரி இருக்கும்.

ஆளை வரச்சொல்லி, முகத்தைப் பார்த்து, அப்புறம் கையெழுத்துப் போட யாருக்கு நேரம் இருக்கிறது? சாயங்காலம் குமாஸ்தா அடுக்கிக் கொண்டுவருவார். வக்கீல் போனில் பேசிக்கொண்டே போட்டுத் தள்ளுவார். அன்றைக்கு நாற்பத்தொரு பேப்பர் வந்தது. செல்லப்பாவுடையது எத்தனையாவது என்றுகூட விஸ்வநாத்துக்குத் தெரியாது.

ஆனந்தகுமார் அன்று ஊரிலேயே இல்லை. பதிமூன்றாம் தேதி விடிகாலை விமானத்தில் சென்னை போய்விட்டான். அவனுடைய ஆள்தான் ரமேஷ்பாபு டைப் அடித்த பேப்பரை வாங்கிப் போய், கையெழுத்தோடு கொண்டுவந்து கொடுத்தான்.

ஒரு மாதம் கழித்து ஆனந்தகுமார் ஸ்வீட் பெட்டியோடு வந்து சொன்னான்.

"நீங்க பதிமூணாம் தேதின்னு போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா சார்..."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் விஸ்வநாத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பதிமூன்றாம் தேதி செல்லப்பா உயிரோடு இல்லை. செத்தவனை ஒருநாள் கூடுதலாக உயிரோடு வைத்திருந்தது அவருடைய கையெழுத்துதான். ஆனந்தகுமார் ஊரில் இல்லாத நாளுக்குச் சாவைத் தள்ளிவைத்ததும் அதேதான்.

வெளியே சொல்லியிருக்கலாம். சொன்னால் கறுப்பு கவுன் போய்விடும். அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரே கனவு. ஒருவன் வந்து எதிரே நிற்பான். ஈரச் சட்டை. கையெழுத்துப் போடப் பேனா கேட்பான். விஸ்வநாத் நிமிர்ந்து பார்ப்பார்... அவனுக்கு முகம் இருக்காது.

முகம் எப்படி இருக்கும்? அவர் பார்த்ததே இல்லையே!

இருபது வருடமாகப் படகில் எர்ணாகுளம் போய் ஹைகோர்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர், அதற்கப்புறம் படகுத்துறைப் பக்கமே போகவில்லை. கார் வாங்கினார். டிரைவர் வைத்தார். தோப்பும்படி, தேவரா என்று சுற்றிக்கொண்டு ரோடு வழியாகவே போனார்.

"ரமேஷ்பாபு!"

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாகக் கூட இருக்கும் மனிதர். அதிகம் பேச மாட்டார்.

"அந்த சுக்கு கோடவுன் ஃபைல் எவிடே இருக்கு, தேடி எடுங்கோ."

ரமேஷ்பாபு தேடவில்லை. நேராகப் பரணுக்குப் போனார். இரண்டே நிமிடத்தில் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்பது வருடப் பழைய கட்டு... அதன்மேல் தூசியே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் விஸ்வநாத் அதைக் கவனித்திருப்பார்.

கட்டைப் பிரித்தார். அஃபிடவிட்டின் நகல் இருந்தது. தன்னுடைய கையெழுத்தைப் பார்த்தார். அழகான கையெழுத்து. கொஞ்சமும் நடுக்கம் இல்லை. அதைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கடைசிப் படியில் கால் வைக்கப்போனவர் அப்படியே நின்றார்.

படியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்திருந்தது. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரமேஷ்பாபு... இது யாரோடது?"

ரமேஷ்பாபு மேலிருந்து குனிந்து பார்த்தார். தனக்குத் தெரியாது, காலையிலிருந்து யாரும் வரவில்லை என்று சொன்னார். மண்டிக்காரரைக் கேட்டார்கள். அவரும் யாரையும் பார்க்கவில்லை.

விஸ்வநாத் சுவரோடு ஒட்டிக்கொண்டு அந்தச் செருப்பைத் தாண்டிப் போனார்.

கார் வாசலில் நின்றது. டிரைவர் துரை பின்கதவைத் திறந்துவிட்டான். துரை எட்டு மாதமாக இருக்கிறான். ரமேஷ்பாபு பிடித்துக் கொடுத்த ஆள். வாயைத் திறந்தால் 'செரி சார்'. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த ஒரு குணத்துக்காகவே விஸ்வநாத்துக்கு அவனைப் பிடிக்கும்.

கார் தோப்பும்படி தாண்டியது. கண்ணாடியில் மழை வழிந்தது. விஸ்வநாத்தால் பொறுக்க முடியவில்லை. ஆனந்தகுமாருக்கு போன் போட்டார். குரல் காரின் ஸ்பீக்கரில் வந்தது.

ஆனந்தகுமார் இப்போது வெறும் சுக்கு வியாபாரி இல்லை. மூன்று ரிசார்ட்டுக்கு முதலாளி. வழக்குகளுக்கு வேறு வக்கீல் வைத்திருக்கிறான்.

"என்ன சார், நாளைக்குப் பதவி. இன்னைக்கே ட்ரீட்டா?"

"செல்லப்பா போன் பண்ணினான்."

ஸ்பீக்கரில் ஒரு இருமல். அப்புறம் சிரிப்பு.

"செத்தவன் போன் பண்ண மாட்டான் சார். எவனோ விளையாடறான்."

"பாடி கிடைக்கலையே, ஆனந்தகுமார்."

"பாடி எதுக்கு? கோடவுன் பின்வாசல்லேந்து அவன் தண்ணிக்குள்ள போனதை நானில்லே பார்த்தேன். ஒரு தள்ளுதான். நீந்தத் தெரியாத பயல். காயல் தண்ணியெல்லாம் கடலுக்கு இழுக்கற நேரம் வேற. அழிமுகம் தாண்டி நடுக்கடலுக்கே போயிருப்பான்."

"என்னைக்கு?"

"பன்னெண்டாம் தேதி சாயங்காலம். கையெழுத்துப் போடுடான்னா முடியாதுன்னுட்டான். கதவைப் பூட்டினது நீங்க, சாவி கேட்டேன் நீங்க தரலைன்னு என் மூஞ்சிக்கு நேரே சொன்னான். வேற என்ன செய்யறது? தெரியாத மாதிரி கேக்காதீங்க சார். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கும் ஆகும். சாயா குடிச்சிட்டு ஜோலியைப் பாருங்க."

போன் வைக்கப்பட்டது.

ஒன்பது வருடமாக ஊகமாக இருந்தது இப்போது காதால் கேட்டதாகிவிட்டது. விஸ்வநாத் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது எதிரே துரையின் பிடரி தெரிந்தது. எட்டு மாதமாக அவர் பார்க்கிற அதே பிடரி.

"துரை, வண்டிக்குள்ள பேசறது வண்டிக்குள்ளயே இருக்கணும், கேட்டியா?"

"செரி சார்."

அன்று ஹைகோர்ட்டில் விஸ்வநாத்துக்கு வாழ்த்துச் சொல்லாதவர்கள் இல்லை. கை குலுக்கியவர்களின் முகத்தையெல்லாம் அவர் உற்று உற்றுப் பார்த்தார். இவனா? இவனாக இருக்குமோ? ஒரு ஜூனியர் வக்கீல் பயந்துபோய்க் கையை உருவிக்கொண்டான்.

மதியம் ஒரு மணி. வராந்தாவில் நின்றபோது செல்போன் அடித்தது. டிரைவர்கள் எல்லோரும் கீழே பார்க்கிங்கில் இருக்கிற நேரம்.

அதே குரல்.

"செருப்பைப் பாத்தியளா சார்?"

விஸ்வநாத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எந்தா வேணும்?"

"நாலு மணிக்கு அந்தக் கோடவுனுக்கு வாங்க. நானும் வாரேன். என்னைய அடையாளம் காட்டிட்டியள்னா அதோட விட்டுருதேன். உங்களுக்குப் பதவி, எனக்குப் பாதாளம்."

"காட்டலைன்னா?"

"அப்ப நேர்ல தெரியும்னு எழுதுனது பொய்யின்னு ஆயிரும்லா."

விஸ்வநாத் போகாமல் இருந்திருக்கலாம். போலீஸ் கமிஷனரே அவருக்கு நண்பர். ஒரு போன் போதும். ஆனால் போலீஸிடம் என்னவென்று சொல்வது? செத்தவன் கூப்பிடுகிறான் என்றா?

பயம் இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எப்படி இருந்தாலும் சரி. பேயாகவே இருந்தாலும் சரி. முகமில்லாத கனவை இனிமேல் அவரால் தாங்க முடியாது.

நாலு மணி.

பஜார் ரோட்டில் அந்தக் கோடவுன் எரிந்த கோலத்தில் அப்படியே நின்றது. வழக்கு இழுத்துக்கொண்டே போவதால் யாரும் இடிக்கவில்லை. கூரை பாதிக்கு மேல் இல்லை. சுவரெல்லாம் கரி. உள்ளே போனால் இன்னும் சுக்கு வாசனை அடித்தது. பின்வாசலுக்கு அந்தப் பக்கம் காயல் தண்ணீர் படிக்கல்லில் மோதிக்கொண்டிருந்தது.

துரை குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். அவனை வெளியே நிற்கச் சொல்ல நினைத்தார் விஸ்வநாத். ஆனால் தனியாக உள்ளே போகப் பயமாக இருந்தது.

நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த சேலை. நெற்றியில் பொட்டு இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"நான் முப்பிடாதி சார். செல்லப்பா பெஞ்சாதி."

விஸ்வநாத்துக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. கை எழவில்லை.

"போன் பண்ணினது யாரு?"

"எங்க வீட்டுக்காரருதான். வந்திருக்காரு. பாத்துச் சொல்லுங்க."

விஸ்வநாத் சுற்றிலும் பார்த்தார். கரிச்சுவர்கள். உடைந்த ஓடுகள். பின்வாசலில் தண்ணீர். பக்கத்தில் குடையோடு துரை.

"இங்கே ஆரும் இல்லையே அம்மா."

"நல்லாப் பாருங்க."

மறுபடியும் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் பார்த்தார். பின்வாசல்வரை போய்த் தண்ணீரைக்கூட எட்டிப் பார்த்தார். 

"இல்லை. நீங்களும் நானும் என் டிரைவரும்தான் இருக்கோம். என்னை விட்டுடுங்கோ... எனக்கு அவனைத் தெரியாது. நான் அவனைப் பார்த்ததே இல்லை. பார்க்காமதான் கையெழுத்துப் போட்டேன். போறுமா?"

ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை அவர் சத்தமாகச் சொல்லிவிட்டார். எரிந்த சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்லின.

அப்போதுதான் குடை மடங்கும் சத்தம் கேட்டது.

"பாத்ததே இல்லைன்னு சொல்லாதிய சார்..."

விஸ்வநாத் திரும்பினார்.

துரை நின்றுகொண்டிருந்தான். அதே சட்டை. அதே ஆள். ஆனால் காலையில் போனில் கேட்ட அதே குரல்!

"...எட்டு மாசமா தெனமும் பாக்கியள்லா."

முதல் தடவையாக விஸ்வநாத் அந்த முகத்தைப் பார்த்தார். மாநிறம். நடுத்தர உயரம். நரைத்த மீசை. இடது புருவத்துக்கு மேல் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. பேய்க்கான லட்சணம் ஒன்றுகூட இல்லை.

"துரை... நீயா செல்லப்பா? பேரை மாத்திண்டு என் கிட்டயே..."

"நான் பேரை மாத்தவே இல்ல சார். மொத நாளே செல்லப்பான்னுதான் சொன்னேன். லைசென்ஸையும் குடுத்தேன். நீங்க போன்ல பேசிக்கிட்டே, சரி துரை, வண்டியை எடுன்னீய. எனக்கு முன்னாடி இருந்த டிரைவரு பேரு துரையாம். அதுலேருந்து நானும் துரை."

விஸ்வநாத் பொத்தென்று ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

மிச்சத்தைச் செல்லப்பா சுருக்கமாகச் சொன்னான். தள்ளியதில் நெற்றி படிக்கல்லில் அடிபட்டது. தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. கையில் ஒரு மரக்கட்டை அகப்பட்டது. தோப்பும்படியிலிருந்து ஆழ்கடலுக்குப் புறப்பட்ட தூத்தூர் மீனவர்களின் விசைப்படகு அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டது. போனால் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பும் படகு. பதிமூன்றாம் தேதி அவன் நடுக்கடலில் காய்ச்சலில் கிடந்தான்.

கரைக்கு வந்தபோது அவன் இரண்டு பெண்களைக் கொன்றவன். அதோடு செத்தும் போனவன். அவனே எழுதிக்கொடுத்ததாக ஒரு பேப்பர் சொன்னது. பெரிய வக்கீல் ஒருவர் அதற்குச் சாட்சி. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? நாகர்கோவில் பக்கம் லாரி ஓட்டினான்.

"ரெண்டு வருஷங்கழிச்சு எனக்குச் சேதி வந்துது," என்றாள் முப்பிடாதி. "அவரு இருக்காருன்னு தெரியும். தெரிஞ்சும் பொட்டு வைக்க முடியலை. வச்சா ஊர்ல கேப்பாங்கள்லா. அங்கம்மாக்கா மக என்னையப் பாத்தாலே காறித் துப்பும். தொடைச்சிக்கிட்டு வந்துருவேன். புருசன் உசுரோட இருக்கையில தாலிய அவுத்து அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன் சார். ஒம்பது வருசமாச்சு."

விஸ்வநாத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் முப்பத்தைந்து வருட வக்கீல் புத்தி! மூழ்குகிற நேரத்திலும் அது கரையைத் தேடியது. மெல்ல எழுந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நீ செல்லப்பான்னு கோர்ட் எப்படி நம்பும்? ஏழு வருஷம் காணாமப் போனவன் சட்டப்படி செத்தவன். எவனோ ஒருத்தன் ஆள்மாறாட்டம் பண்ணறான்னு நான் சொன்னாப் போறும்."

"ஆனந்தகுமார் கார்ல பேசினது இருக்கு சார். சாட்சிக்கு உதவும்னு நீங்கதான் டேஷ்கேமரா வாங்கி மாட்டச் சொன்னிய. அது சத்தத்தையும் பிடிக்கும்."

"ஃபோன்ல பேசினது நான் இல்லை, அவனும் இல்லைன்னு சொல்ல எங்களுக்குத் தெரியும்."

செல்லப்பா முப்பிடாதியைப் பார்த்தான். அவள் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ஒரு நகலை நீட்டினாள்.

விஸ்வநாத் வாங்கினார்.

அஃபிடவிட்.

'செல்லப்பா ஆகிய நான் உயிரோடு இருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் என் பெயரில் தாக்கலான பிரமாணம் நான் எழுதியதல்ல. அந்தத் தேதியில் நான் கடலில் இருந்தேன்...' மூன்று பக்கம். ஓரத்தில் செல்லப்பாவின் போட்டோ. படகுக்காரர்களின் பெயர்கள். கடைசியில் செல்லப்பாவின் கையெழுத்து.

அதன் கீழே ஒரு வரி.

'மேற்படி நபர் எனக்கு நேரில் தெரிந்தவர். என் முன்னிலையில் கையெழுத்திட்டார்.'

அதற்குக் கீழே... அழகான, கொஞ்சமும் நடுக்கமில்லாத கையெழுத்து.

விஸ்வநாத்!

தேதி, போன மாதம் இருபத்திரண்டு.

"இது... இது எப்போ?"

"தேவரா சிக்னல்ல சார். மழையில வண்டி நகரலை. ரமேஷ்பாபு சார் குடுத்து விட்டாருன்னு ஒரு கட்டைத் தந்தேன். மேல இருந்த பேப்பர்ல உங்க கண்ணு முன்னாடிதான் நான் கையெழுத்துப் போட்டேன். நீங்க மந்திரிகிட்ட பேசிக்கிட்டே வரிசையாப் போட்டுத் தந்திய. ஒரு பேப்பரையும் படிக்கலை."

"டைப் அடிச்சது?"

"அன்னைக்கு அடிச்ச அதே ரமேஷ்பாபு சார் கைதான். அவரும் ஒம்பது வருசமா தூங்கலையாம். அங்கம்மாக்கா வீட்டு நஷ்டஈட்டுக் கேஸ்ல, அவுக வக்கீல் மூலமா இன்னைக்குக் காலையிலயே தாக்கல் பண்ணியாச்சு சார்."

விஸ்வநாத் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழக்கதோஷம்.

இவனை எனக்குத் தெரியும் என்றால் செத்தவன் உயிரோடு இருக்கிறான். பழைய அஃபிடவிட் பொய். தெரியாது என்றால் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்போதும் பழைய அஃபிடவிட் பொய்.

எந்த வாசல் வழியாகப் போனாலும் அதே கிணறு. எத்தனையோ சாட்சிகளை அவர் இப்படி நிறுத்தியிருக்கிறார். அவரை யாரும் நிறுத்தியதில்லை.

மழை நின்றிருந்தது. 

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். நாளைய பதவி போய்விட்டது. கவுன் போய்விட்டது. ஒருவேளை ஜெயில்கூட இருக்கலாம். இருந்தும் ஒன்பது வருடமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போவதை அவர் உணர்ந்தார். கனவில் வந்தவனுக்கு இப்போது முகம் கிடைத்துவிட்டது. நரைத்த மீசை. புருவத்துக்கு மேல் தழும்பு.

செல்போனை எடுத்தார். பதவி ஏற்க நாளை வரவில்லை என்று தலைமைச் செயலகத்துக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினார்.

அப்புறம் முப்பிடாதியின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார்.

"தாலியை எடுத்துப் போட்டுக்கோங்கோ அம்மா. ஊர்ல யாரு கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்கோ."

முப்பிடாதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூவரும் கோடவுனை விட்டு வெளியே வந்தார்கள். செல்லப்பா வழக்கம்போலப் பின்கதவைத் திறந்துவிட்டான். விஸ்வநாத் அதில் முப்பிடாதியை உட்காரச் சொன்னார். அவர் சுற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு எடு, து..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "...எடுங்கோ, செல்லப்பா."

"செரி சார்."

கார் கிளம்பியது. செல்லப்பா ஒரு கையால் உள் கண்ணாடியைப் பிடித்து தன் முகம் விஸ்வநாத்துக்குத் தெரிகிறபடி திருப்பினான்.

"எதுக்கு?"

"ஸ்டேஷனுக்குப் போக இருவது நிமிசம் ஆகும் சார்... அதுக்குள்ள என் மூஞ்சி மறந்துறக் கூடாதுல்லா!"